பழைய பல்கலையின் அட்மிஷனை மறுப்பது: பட்டன், மாதிரிக் கடிதம், ஏஐ, சொந்தக் கை

படித்த இடத்திலிருந்தே மேற்படிப்புக்கும் ஆஃபர் வந்திருக்கிறது. வேறோர் இடமும் கிடைத்திருக்கிறது. போவது அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே வேலை: பழைய இடத்துக்கு ‘வரவில்லை’ என்று சொல்வது. அதற்குக் கையில் கிடைப்பவை நான்கு. அட்மிஷன் போர்ட்டலில் இருக்கும் மறுப்புப் பட்டன், இணையத்தில் இறைந்து கிடக்கும் மாதிரிக் கடிதங்கள், ஏஐ எழுதித் தரும் மெயில், நாமே உட்கார்ந்து எழுதும் மெயில். நான்கும் இந்த வேலைக்கு எவ்வளவு தேறும் என்று பார்ப்போம். விதிமுறை பற்றிப் பேசும் இடங்களில் அமெரிக்கப் பல்கலைகளின் முதுகலை, முனைவர் படிப்புகளை மனத்தில் வைத்திருக்கிறோம்.

முகம் தெரியாத பல்கலைக்கு மறுப்புச் சொல்ல இந்த நான்கில் எதை எடுத்தாலும் காரியம் முடிந்துவிடும். பழைய பல்கலை அப்படியில்லை. அங்கே ஓர் ஆபீஸ் இருக்கிறது, நம்மைத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஆபீஸுக்கு வேண்டியது தகவல். ஆட்களுக்கு அந்தத் தகவல் யார் வாயிலிருந்து, எப்போது வருகிறது என்பதும் முக்கியம். அட்மிஷன் குழுவில் உட்கார்ந்திருப்பவரே நமக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவராக இருக்கலாம். அதே கடிதத்தை நாம் இப்போது போகப்போகும் இடத்துக்கும் அவர்தான் எழுதியிருப்பார். தயாராகக் கிடைக்கும் எந்தச் சேவைக்கும் இந்தச் சிக்கல் தெரியாது.

எதையும் தொடுவதற்கு முன்

மறுப்பதற்கு முன் மற்ற இடம் உறுதியா என்று பார்க்க வேண்டும். இதில் ஏமாறுபவர்கள் அதிகம். துறையிலிருந்து வரும் ‘உங்களைச் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைத்திருக்கிறோம்’ என்ற மெயில் வேறு, கிராஜுவேட் ஸ்கூல் (மேற்படிப்புகளைக் கவனிக்கும் பல்கலைப் பிரிவு) அனுப்பும் அதிகாரபூர்வ சேர்க்கைக் கடிதம் வேறு. பல பல்கலைகளில் துறை பரிந்துரைக்கும், இறுதி முத்திரை கிராஜுவேட் ஸ்கூலிடம் இருக்கும். இரண்டாவது கடிதம் வரும்வரை பழைய இடத்தைக் கைவிட வேண்டாம். உதவித்தொகையோடு போகிறவர்கள் அந்த நிதிக் கடிதத்தையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். மாத ஸ்டைபெண்ட் எத்தனை மாதத்துக்கு (9 மாதமா, 12 மாதமா), கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடியா, மருத்துவக் காப்பீடு யார் தலையில், எத்தனை ஆண்டுக்கு உறுதி, டி.ஏ.வா (கற்பித்தல் உதவியாளர்) ஆர்.ஏ.வா (ஆராய்ச்சி உதவியாளர்). இதெல்லாம் எழுத்தில் இருந்தால்தான் அது ஆஃபர். போனில் சொன்னது கணக்கில் வராது.

அடுத்து, பழைய பல்கலையின் ஆஃபர் கடிதத்தையும் நிதிக் கடிதத்தையும் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பைப் பதிந்ததும் போர்ட்டலில் அந்தப் பக்கம் மறைந்துவிடுவது உண்டு. பின்னால் ஏதாவது விருதுக்கோ விண்ணப்பத்துக்கோ ‘இங்கேயும் ஃபெலோஷிப் கிடைத்தது’ என்று காட்ட வேண்டியிருந்தால் கையில் காகிதம் இருக்காது.

தேதி விஷயம். அமெரிக்காவில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் ‘ஏப்ரல் 15 தீர்மானம்’ என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைகள், நிதியுதவியோடு தரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தீர்மானம் பேசுவது நிதியுதவி ஆஃபர்களைப் பற்றி. கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலைப் படிப்புகள் தங்கள் தேதியைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன, அது இன்னும் முன்னாலேயே இருக்கலாம். ஆகவே கடிதத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள், மணியையும் சேர்த்து. இரவு 11:59 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பல்கலை இருக்கும் ஊரின் நேரம்.

ஏப்ரல் 15 வரை உரிமை இருக்கிறது என்பதால் 15ஆம் தேதி மாலைவரை இழுத்தடிப்பது பழைய இடத்தில் நல்ல பேர் வாங்கித் தராது. காத்திருப்போர் பட்டியல் நகர்வதே நம்மைப் போன்றவர்கள் விடும் இடத்தை வைத்துத்தான். முனைவர் படிப்பில் ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சி நிதியிலிருந்து நமக்கு ஆர்.ஏ. இடம் ஒதுக்கியிருந்தால், நாம் விட்ட பிறகுதான் அவர் அடுத்தவரைக் கூப்பிட முடியும். 15 தாண்டிவிட்டால் அந்த அடுத்தவர் வேறெங்கோ கையெழுத்துப் போட்டிருப்பார். மார்ச் முதல் வாரத்தில் சொன்ன ‘இல்லை’ அவருக்கு உதவி. ஏப்ரல் 14 இரவு சொன்னது தலைவலி. முடிவான அன்றிலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் சொல்லிவிடுவது சரியான அளவு.

போர்ட்டல் பட்டன்: 5க்கு 3.5

அமெரிக்கப் பல்கலைகள் பலவற்றின் கிராஜுவேட் அட்மிஷன் ஓடுவது ஸ்லேட் என்ற மென்பொருளில். வேறு போர்ட்டல்களும் உண்டு, அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே போனால் முடிவுக் கடிதத்தின் கீழே ஆஃபருக்குப் பதில் தரும் படிவம் இருக்கும். ஏற்கிறேன், மறுக்கிறேன், சில இடங்களில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கக் கேட்கிறேன். மறுக்கிறேன் என்று தேர்ந்தால் படிவம் நீளும்: எங்கே சேர்கிறீர்கள், ஏன், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா.

இந்த வேலையை பட்டன் நன்றாகவே செய்கிறது. நேரமும் தேதியும் பதிவாகிறது. பட்டியலில் நம் பெயர் உடனே நகர்கிறது. ‘மெயில் வரவில்லையே’ என்று யாரும் சொல்ல முடியாது. மெயில் மட்டும் அனுப்பிவிட்டு பட்டனைத் தொடாமல் விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மெயில், துறையில் சேர்க்கை வேலையைக் கவனிக்கும் கோ-ஆர்டினேட்டரின் பெட்டியில் கிடக்கும், கணினியில் நாம் இன்னும் ‘பதில் வரவில்லை’ என்ற வரிசையிலேயே இருப்போம், நினைவூட்டல் மெயில் வந்துகொண்டே இருக்கும், காத்திருப்போர் பட்டியல் நகராது. ஆகவே பட்டன் கட்டாயம். அது போதுமா என்பது வேறு கேள்வி.

பட்டனின் குறை, அது திரும்பி வராது. பெரும்பாலான இடங்களில் நாமே அழுத்தியதை நாமே மாற்ற முடியாது, ஆபீஸைக் கெஞ்சி மாற்ற வேண்டும். இன்னொன்று, அது அழுத்திய நொடியே கோ-ஆர்டினேட்டரின் பட்டியலுக்குப் போய்விடும். நமக்காக வாதாடி இடம் வாங்கித் தந்த பேராசிரியர் அந்தச் செய்தியைத் துறைக் கூட்டத்தில் ஒரு எக்செல் தாளில் படித்துத் தெரிந்துகொள்ள நேரும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் அவருக்கு மெயில் அல்லது போன், அன்றைக்கே பட்டன், பிறகு கோ-ஆர்டினேட்டருக்கு இரண்டு வரி. காலையில் மெயில், மாலையில் பட்டன் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

படிவத்தில் எதை நிரப்புவது? ‘எங்கே சேர்கிறீர்கள்’ என்பதற்கு உண்மையை எழுதிவிடலாம். ஒரே துறைக்குள் இருப்பவர்களிடம் மறைத்துப் பயனில்லை, முதல் கருத்தரங்கிலேயே பெயர்ப் பட்டையைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிடும். காரணப் பட்டியலில் நிதி, ஆய்வுத் துறை, இடம் என்று இருப்பதில் உண்மையானதைத் தேர்ந்தால் துறைக்குப் பயன் உண்டு. ஸ்டைபெண்டைக் கூட்டச் சொல்லி மேலிடத்தில் பேசப் போகும் துறைத் தலைவருக்கு இந்தப் பதில்கள்தான் ஆதாரம். ‘வேறு ஏதாவது’ என்ற பெட்டிதான் ஆபத்து. பழைய மாணவருக்கு அங்கே எழுத நிறைய இருக்கும். எந்த லேபில் எந்தக் கருவி வேலை செய்யாது, யார் பரீட்சைத் தாளை எவ்வளவு தாமதமாகத் திருத்துவார் என்பதெல்லாம் அத்துபடி. மனக்குறையைக் கொட்டும் இடம் இது இல்லை. காலியாக விடுங்கள்.

பட்டன் செய்யாத வேலைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கனவே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டவருக்கு மறுப்புப் பட்டன் இருக்காது. அது விலகல், அதற்கு எழுத்தில் தனிக் கடிதம் தர வேண்டும். கட்டிய சேர்க்கை முன்பணம் பெரும்பாலும் திரும்பாது, கடிதத்தின் அடியில் அதைச் சொல்லியிருப்பார்கள். விடுதிக்குத் தனி ஒப்பந்தம் போட்டிருந்தால் அது தானாக ரத்தாகாது, விடுதி ஆபீஸுக்குத் தனியாக எழுத வேண்டும். பாடங்களுக்குப் பதிந்திருந்தால் வகுப்பு தொடங்கும் முன் நீக்காவிட்டால் கட்டணப் பில் வந்து நிற்கும். பல்கலை அளவிலான ஃபெலோஷிப்புக்குத் துறை நம் பெயரை அனுப்பியிருந்தால் அந்த ஆபீஸுக்கும் ஒரு வரி போக வேண்டும், ஒரு விருது வீணாகக் கிடக்கக் கூடாது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. அட்மிஷன் ஆபீஸும் சர்வதேச மாணவர் ஆபீஸும் வேறு வேறு. அட்மிஷனை மறுத்ததால் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினி அமைப்பு) பதிவு தானாக நகராது. பழைய பல்கலையிலேயே எஃப்-1 (மாணவர் விசா) பதிவு ஓடிக்கொண்டிருந்தால், படித்துக்கொண்டிருந்தாலும் சரி, ஓபிடியில் (படிப்பை ஒட்டிய வேலைக்கான தற்காலிக அனுமதி) இருந்தாலும் சரி, புதிய இடத்தின் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி செவிஸ் பதிவை மாற்றித் தரும்படி பழைய பல்கலையின் டிஎஸ்ஓவிடம் (சர்வதேச மாணவர் ஆபீஸ் அதிகாரி) தனியாகக் கேட்க வேண்டும். மாற்றும் தேதியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஓபிடியில் வேலை பார்ப்பவருக்கு அந்தத் தேதியோடு வேலை அனுமதி முடிந்துவிடும். ஓபிடி முடிந்தவருக்கு மாற்றம் கேட்க 60 நாள் அவகாசம். புதிய இடத்தில் வகுப்பு 5 மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. மே மாதம் மாற்றிவிட்டு அடுத்த ஜனவரியில் சேர்கிறேன் என்றால் ஒத்துவராது. வெளிநாட்டிலிருந்து புதிதாகப் போகிறவருக்குப் பழைய பல்கலையும் ஐ-20 (மாணவர் விசாவுக்கு வேண்டிய படிவம்) அனுப்பியிருந்தால், அதைப் பயன்படுத்தவில்லை, ரத்து செய்யுங்கள் என்று எழுதிவிட வேண்டும்.

மாதிரிக் கடிதங்கள்: 5க்கு 1.5

தேடினால் நூறு கிடைக்கும், படித்தால் எல்லாம் ஒன்றுதான். நன்றி, ஆழ்ந்த யோசனை, கடினமான முடிவு, வேறோர் ஆஃபர், மீண்டும் நன்றி. முன்பின் தெரியாத பல்கலைக்கு அனுப்ப இது போதும், அங்கே யாரும் அதை இரண்டாம் முறை படிக்கப் போவதில்லை. பழைய இடத்துக்கு அனுப்பினால் எப்படி இருக்கிறது என்று நாலு வரி பார்ப்போம்.

‘தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் எனக்கு இடம் அளித்தமைக்கு நன்றி.’ நாலு வருடம் குப்பை கொட்டிய இடம். எந்த வகுப்பில் எந்த மின்விசிறி சத்தம் போடும் என்று தெரிந்தவர் எழுதும் வரியா இது? தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு ‘தங்கள் இல்லத் திருமண அழைப்பிதழ் கிடைக்கப்பெற்றோம்’ என்று எழுதுவது போல.

‘ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின்.’ தப்பில்லை, பொருளும் இல்லை. படிப்பவர் நேராக அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்.

‘என் எதிர்கால இலக்குகளோடு சிறப்பாகப் பொருந்தும் வேறொரு திட்டத்தை ஏற்க முடிவு செய்துள்ளேன்.’ இது குத்தும். அந்த இலக்கை நமக்குள் விதைத்ததே இதைப் படிக்கப்போகும் ஆளாக இருக்கலாம். அவருடைய துறை அதற்குப் ‘பொருந்தாது’ என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது இந்த வரி. அந்நியருக்கு இதில் ஒன்றும் இல்லை, பழக்கமானவருக்கு வலிக்கும்.

‘எதிர்காலத்தில் தங்கள் நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றும் வாய்ப்பை எதிர்நோக்குகிறேன்.’ நாம் ஏற்கனவே அந்த நிறுவனத்தின் பழைய மாணவர்.

வார்த்தையை விட மோசமானது தையல் பிரிவது. சதுர அடைப்புக்குள் ‘பல்கலைக்கழகத்தின் பெயர்’ என்று இருந்ததை நிரப்பாமலே அனுப்புவது. மூன்று இடங்களுக்கு ஒரே கடிதத்தை ஒட்டியதில் வேறொரு பல்கலையின் பெயர் தங்கிவிடுவது. ஒட்டிய பகுதி மட்டும் வேறு எழுத்துருவில், சாம்பல் பின்னணியோடு நிற்பது. மெயிலில் அது நம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், இருண்ட திரையில் திறப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். ஒட்டும்போது வடிவமைப்பில்லாமல் ஒட்டினால் (கண்ட்ரோல், ஷிஃப்ட், வி) இந்த ஒன்றாவது தவிரும். அந்த ஒன்றரை மதிப்பெண்ணும் கோ-ஆர்டினேட்டருக்கு அனுப்பும் கடிதத்துக்கு உதவும் என்பதற்காகத்தான்.

ஏஐ எழுதும் மெயில்: 5க்கு 2.5

மாதிரிக் கடிதத்தை விட ஒரு படி மேல். சொன்னால் கேட்கும். சொல்லாவிட்டால் அதுவும் மேலே கண்ட கடிதத்தையே இன்னும் கொஞ்சம் நெய் விட்டுத் தரும். நன்றி நாலு முறை, வருத்தம் மூன்று முறை. நாம் சொல்லாத ஒன்றைச் சேர்ப்பதுதான் பெரிய தொல்லை. ‘தங்கள் ஆய்வகத்தின் முன்னோடிப் பணிகள்’ என்று ஒரு வரி முளைக்கும். எந்தப் பணி என்று அதற்கும் தெரியாது. ‘விரைவில் நேரில் வந்து சந்திப்பேன்’ என்று நம் சார்பில் வாக்குக் கொடுத்துவிடும். பேராசிரியர் அதை நம்பிக் காத்திருப்பார்.

பயன்படுத்துவதென்றால் கட்டளை இப்படி இருக்கட்டும். பெறுபவர் யார், நமக்கு அவர் என்ன செய்தார் என்று ஓர் உண்மைச் சம்பவம், மறுப்பு முதல் இரண்டு வாக்கியத்துக்குள், காரணம் ஒன்றே ஒன்று, மன்னிப்பு வேண்டாம், வருங்கால வாக்குறுதி வேண்டாம், 120 வார்த்தைக்குள். வந்ததைப் படித்து, நம் வாயில் வராத வார்த்தை எதுவோ அதையெல்லாம் அடியுங்கள். பாதிக்கு மேல் அடித்துவிட்டால் சொந்தமாக எழுதியிருக்கலாம் என்று தெரிந்துவிடும். ஆஃபர் கடிதத்தை அப்படியே அதனுள் ஒட்ட வேண்டாம். விண்ணப்ப எண், ஸ்டைபெண்ட் தொகை, பேராசிரியரின் மெயில் முகவரி எல்லாம் அதில் இருக்கும், கடிதம் எழுத அவை தேவையும் இல்லை.

இதற்கு உருப்படியான உபயோகம் ஒன்று உண்டு. நாம் எழுதியதைக் கொடுத்து, ‘இதைப் படிப்பவருக்கு நான் இன்னும் பேரம் பேசத் தயார் என்று தோன்றுமா’ என்று கேட்பது. சுற்றி வளைத்து எழுதிய மறுப்பை அது சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லும்.

சொந்தக் கையால்: 5க்கு 4.5

இரண்டு கடிதம், இரண்டு அளவு. கோ-ஆர்டினேட்டருக்குப் போவது தந்தி மாதிரி. தலைப்பில் முழுப்பெயர், விண்ணப்ப எண், படிப்பு, ‘ஆஃபர் மறுப்பு’. உள்ளே: ‘வணக்கம். இந்த இலையுதிர் பருவ முனைவர் படிப்பு இடத்தை நான் ஏற்கவில்லை. போர்ட்டலில் இன்று பதிந்துவிட்டேன். நிதியுதவி இடத்தையும் வேறொருவருக்குத் தரலாம். சேர்க்கைக் காலம் முழுதும் என் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி.’ போதும். ஆஃபர் மெயிலுக்கே ‘ரிப்ளை’ போடும் முன் அது பதில் ஏற்காத முகவரியா என்று பாருங்கள். கூட்டு முகவரியாக இருந்தால் மறுப்பு முழுத் துறைக்கும் போகும்.

வழிகாட்டியாக இருந்த பேராசிரியருக்குப் போவதில்தான் உழைப்பு. அவரை முன்பு எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழையுங்கள். நாலு வருடம் முதல் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரைத் திடீரென்று ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே’ என்றால் சண்டை போட்டுக்கொண்டு போகிறார் போலிருக்கும். வழக்கமாக ‘ஐயா’ என்று எழுதியவர் அப்படியே தொடரலாம். உதாரணத்துக்கு ஒன்று:

‘ஐயா, வணக்கம். நம் துறையில் முனைவர் படிப்புக்குக் கிடைத்த இடத்தை ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இன்று மாலை போர்ட்டலில் பதியப் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மெயில். சேரப்போகும் இடத்தின் பெயரை அடியில் தந்திருக்கிறேன். இங்கே கற்ற கணக்கீட்டோடு சோதனைக்கூட வேலையும் பழக வேண்டும் என்பதுதான் காரணம். உங்கள் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அந்த இடம் கிடைத்திருக்காது. மூன்றாம் ஆண்டில் என் அறிக்கையை இரண்டு முறை திருப்பி அனுப்பி, பிழை அளவு இல்லாமல் எந்த எண்ணையும் எழுதாதே என்றீர்கள். இப்போதும் எழுதுவதில்லை. எனக்காக வைத்திருந்த ஆர்.ஏ. இடம் தாமதமில்லாமல் அடுத்தவருக்குப் போகட்டும். நன்றி, ஐயா.’

இதில் கவனிக்க வேண்டியவை சில. மறுப்பு இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டது. நன்றியை முதலில் அடுக்கிவிட்டு ‘ஆனால்’ என்று திரும்பினால், படிப்பவர் அந்த ‘ஆனாலை’ எதிர்பார்த்தே மேலே எழுதிய நன்றியை நம்பாமல் படிப்பார். ‘முடிவு செய்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தில் இருக்கிறது. ‘நினைக்கிறேன்’, ‘தோன்றுகிறது’ என்று எழுதினால் அவர் அதைப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பாக எடுத்துக்கொள்வார், அது அவர் தப்பில்லை. காரணம் ஒன்றுதான், அதுவும் அவருடைய துறையில் என்ன குறை என்று சொல்லாமல், எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறது. இரண்டு காரணம் சொன்னால் இரண்டுக்கும் பதில் வரும்.

இடம் மாற்றிப் படிக்க வேண்டும் என்பதைக் காரணமாகச் சொல்லத் தயங்க வேண்டாம். இளங்கலையிலிருந்து முனைவர் வரை ஒரே இடத்தில் படித்தால் ஒரே சிந்தனைப் பள்ளிக்குள் அடைபட்டுவிடுவோம் என்ற கவலை கல்வி உலகில் பழையது. தங்கள் மாணவர்களை ‘வெளியே போ’ என்று தள்ளும் பேராசிரியர்களே உண்டு. மற்ற எந்தப் பல்கலைக்கும் சொல்ல முடியாத, பழைய பல்கலைக்கு மட்டும் சொல்லக்கூடிய காரணம் இது. பணம்தான் உண்மைக் காரணம் என்றால் அதைச் சொல்லும் நேரம் மறுப்புக்கு முன். ‘அங்கே இவ்வளவு தருகிறார்கள், இங்கே கூட்ட வாய்ப்புண்டா’ என்று ஆஃபர் கையில் இருக்கும்போதே கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுத்துவிட்டுப் பிறகு கூட்டித் தருவார்களா என்று பார்ப்பது தெரிந்த ஆட்களிடம் ஆடும் ஆட்டம் இல்லை.

நன்றியில் ஒரு சம்பவம் போதும், அது அவருக்கும் நமக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். மாதிரிக் கடிதமும் ஏஐயும் தோற்கும் இடம் இதுதான், அவற்றிடம் அந்தச் சரக்கு கிடையாது. அரை மதிப்பெண் குறைத்தது ஏனென்றால், சொந்தமாக எழுத உட்கார்ந்தவர்களுக்கு நிறுத்தத் தெரிவதில்லை. 150 வார்த்தையைத் தாண்டினால் நன்றிக் கடிதம் தன்னிலை விளக்கமாகிவிடும். ‘தவறாக நினைக்க வேண்டாம்’ என்ற வரி எட்டிப் பார்க்கும். அவர் அதுவரை நினைத்திருக்கவே மாட்டார்.

பழைய பல்கலை தந்த மெயில் ஐடி இன்னும் வேலை செய்தாலும் சொந்த ஐடியிலிருந்து அனுப்புங்கள். அந்தக் கணக்கு என்று மூடப்படும் என்று சொல்ல முடியாது, வரும் பதில் அதோடு போய்விடும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப இழுக்கும் அவகாசம் முதலில் 5 நொடிதான், செட்டிங்ஸில் 30 நொடி வரை ஏற்றலாம். இந்த மாதிரி மெயில் அனுப்பும் அன்று ஏற்றிவைப்பது நல்லது. பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புவது அதைவிட நல்லது.

கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலைக்கு இவ்வளவும் வேண்டாம். அங்கே யாரும் நமக்காகத் தன் நிதியை ஒதுக்கி வைத்திருக்க மாட்டார். பட்டனை அழுத்திவிட்டு, பரிந்துரைக் கடிதம் தந்தவர்களுக்கு மட்டும் எங்கே சேர்கிறோம் என்று இரண்டு வரி எழுதினால் சரி.

போனும் நேரில் போவதும்

ஊரிலேயே இருந்தால், அந்தப் பேராசிரியரோடு வாரந்தோறும் பேசும் பழக்கம் இருந்தால், மெயிலுக்கு முன் ஐந்து நிமிடம் நேரில் சொல்வது எல்லாவற்றையும் விட மேல். ஆனால் அதற்குப் பிறகும் மெயில் போக வேண்டும். வாய்ப்பேச்சில் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு முடிந்தது என்று விடுவதும் அப்படித்தான். நேரில் போனால் தோற்றுப்போய் சம்மதித்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் மெயிலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பதில் வந்தால்

நாலு விதமாக வரும். ‘வாழ்த்துகள், எழுதிக்கொண்டிரு’ என்று ஒரே வரியில் வந்தால் கோபம் என்று எண்ண வேண்டாம், ஏப்ரலில் அவர்களுக்கு வருவது நூற்றுக்கணக்கான மெயில். ஒரு நன்றி போட்டு முடித்துவிடலாம். பதிலே வராமல் போவதும் சகஜம். ஒரு வாரம் கழித்து ‘கிடைத்ததா’ என்று கேட்க வேண்டாம், பட்டனில் பதிவு இருக்கிறது. ‘ஏன், என்ன குறை’ என்று வந்தால் முதல் மெயிலில் சொன்ன அதே காரணத்தை அதே அளவில் சொல்லுங்கள். புதுக் காரணம் சேர்த்தால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். ‘பணம்தான் என்றால் பார்க்கலாம், கொஞ்சம் பொறு’ என்று வந்தால், திரும்பும் எண்ணம் இல்லாதவர் அன்றைக்கே எழுத வேண்டும்: ‘முயல்வதாகச் சொன்னதற்கு நன்றி, ஐயா. முடிவில் மாற்றமில்லை. அந்த இடத்தை அடுத்தவருக்கே கொடுங்கள்.’ ஒரு நாள் தாமதித்தால் அவர் துறைத் தலைவரிடம் போய் நிற்பார், நமக்காக இன்னொரு முறை வாதாடியிருப்பார்.

புதிய இடத்தில் முதல் பருவம் தொடங்கியதும் அவருக்கு ஒரு மெயில் போடலாம், அங்கே என்ன படிக்கிறோம், எந்த லேபில் சேர்ந்தோம் என்று நாலு வரி. பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று அதில் கேட்கக் கூடாது. அதைக் கேட்க ஃபெலோஷிப் சீசன் எப்படியும் வரும்.